நல்லெண்ணெயும் நூற்றுக்கு நூறும்

2024 மாசி மாதம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து கிச்சின் கொஞ்சம் அடங்கியிருந்தது. மனேஜர் ஒரு ரப்லெட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்து, பின்னேரத்துக்குள் இதை முடித்துத் தரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். உணவு ஒவ்வாமை பற்றிய பயிற்சி. வருடத்துக்கு ஒருமுறை வரும். லண்டனில் சாப்பாட்டுக் கடைகளில் வேலைசெய்கிற எங்களுக்கு இது பழகிப்போன சடங்கு.

பின்கதவுப் படிக்கட்டில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் இருந்து செய்தேன். ஒரு படம் வரும். ஒரு பெண்குரல் அதை வாசிக்கும். வாசித்து முடியும்வரை 'அடுத்தது' என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடக்கும், அமத்த முடியாது. முடிந்ததும் பச்சையாகும். எங்களுடைய பெடியள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ரப்லெட்டைச் சுவரில் சாத்திவிட்டு வெங்காயம் உரிப்பார்கள். பச்சை வந்தால் சின்னவிரலால் ஒரு தட்டு. நான் அப்படிச் செய்யவில்லை. கம்பஸை இடையில் விட்டுவிட்டு வந்தவனுக்குச் சோதனை என்றால் இன்னமும் ஒரு மரியாதை இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் ஒழுங்காக வாசித்தேன்.

செலரியில் தொடங்கி சல்பைற் வரை 14 பொருட்கள். இவற்றில் எது சாப்பாட்டில் இருந்தாலும் கேட்கிறவருக்குச் சொல்லவேண்டும் என்பது 2014 மார்கழியில் இருந்து இங்கே சட்டம். கடைசியில் 20 கேள்விகள். "இவற்றுள் எது அந்த 14 இல் ஒன்று? தக்காளி, அரிசி, செசமி, கரட்." செசமியை அமத்தினேன். சரி. இப்படியே இருபதும் சரி. திரையில் பூத்தூவல் எல்லாம் வந்தது. நூற்றுக்கு நூறு.

பதினொரு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தேன்.

எங்கள் கடையில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வேலைக்காரர்களுக்கான சாப்பாட்டை நான்தான் சமைப்பேன். கடைச் சாப்பாடு எல்லாருக்கும் அலுத்துப்போன ஒன்று. அன்றைக்கு வீட்டிலிருந்து கொஞ்சம் கறித்தூளும், ஒரு சின்னப் போத்தலில் நல்லெண்ணெயும் கொண்டுபோய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். புதிதாகச் சேர்ந்த போர்த்துக்கல் பிள்ளை ஒருத்தி, இருபது வயதிருக்கும், படித்துக்கொண்டே பரிமாற வருபவள், கோப்பையை எடுக்க முதல் என்னிடம் கேட்டாள். இதில் செசமி இருக்கிறதா என்று. இல்லை, தைரியமாகச் சாப்பிடு என்றேன். பொய் சொல்லவில்லை. என் மனதில் செசமி என்றால் பேர்கர் பாணின் மேலே தூவியிருக்கும் வெள்ளை விதை. அந்த ரப்லெட்டில் இருந்த படமும் அதுதான்.

நாலு வாய் சாப்பிட்டிருப்பாள். உதட்டைத் தடவினாள். தண்ணீர் கேட்டாள். பிறகு குரல் மாறியது. முகம் வீங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். அவளுடைய பையில் ஊசிப் பேனை இருந்தது. இன்னொரு பிள்ளை அதை எடுத்துத் தொடையில் குத்தினாள். மனேஜர் 999 அடித்தார். அம்புலன்ஸ் வரும்வரை நான் அடுப்புக்குப் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். அப்போதுதான் கோப்பை கழுவுகிற எங்கட தம்பி ஒருவன் அந்தப் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டான்.

"அண்ணை, நல்லெண்ணெய் எண்டா எள்ளெண்ணெய்தானே?"

போத்தலில் பெரிய எழுத்தில் 'ஜிஞ்சிலி' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரிகிற அளவில், செசமி.

அவள் பிழைத்துவிட்டாள். ஒரு இரவு ஆசுப்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். சுத்திகரிக்காமல் ஆட்டி எடுக்கிற எண்ணெயில் எள்ளின் புரதம் அப்படியே இருக்கும், அதனால் விதையைப்போலவே எண்ணெயும் ஆபத்து என்று பிறகுதான் படித்தேன். இந்த நாட்டைச் சேர்ந்த நற்றாஷா என்ற 15 வயதுப் பிள்ளை, 2016 இல், பாணுக்குள் சேர்த்துச் சுட்ட எள்ளால் இறந்தாள். அவளுடைய பெயரால் வந்த சட்டம்தான், கடையிலேயே செய்து பொதிசெய்து விற்கும் சாப்பாட்டில் எல்லாச் சேர்மானங்களையும் எழுதவேண்டும் என்று 2021 ஐப்பசியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கதையும் ரப்லெட்டில் வந்தது. அதை வாசித்து மனம் கலங்கியவன்தான் நான்.

அடுத்த நாள் விசாரணை. மனேஜரும், மேலிடத்திலிருந்து வந்த ஒருவரும். என்னைத் திட்டவில்லை. கணினியைத் திறந்து என் பெயரைத் தட்டினார்கள். திகதி, நேரம், 100 வீதம். மேலிடத்துக்காரரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பயிற்சி கொடுத்தாகிவிட்டது, பதிவு இருக்கிறது. 1990 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தவறு நடந்தாலும் தன்னால் இயன்ற கவனம் எல்லாம் எடுத்ததாகக் காட்டக்கூடியவருக்கு ஒரு தற்காப்பு உண்டு. பயிற்சிப் பதிவுகள் அங்கே நல்ல சாட்சி. எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அந்த இருபது நிமிடப் பாடம் எனக்காகச் செய்யப்பட்டதல்ல. அந்தப் பதிவுக்காகச் செய்யப்பட்டது. அந்த வேலையை அது சரியாகவே செய்திருக்கிறது.

ஆனால் பழியை எல்லாம் ரப்லெட்டின் மேல் போட்டுவிட்டுத் தப்பவும் முடியவில்லை. ஏனென்றால் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. செசமி ஒவ்வாமைப் பொருள் என்பது தெரியும். செசமி என்றால் எள்ளு என்பதும், யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதைவிட மோசம், ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ தமிழ் வாத்தியார் கரும்பலகையில் எழுதிய புணர்ச்சி விதி: எள் + நெய் = எண்ணெய். சோதனையில் வந்தது, எழுதினேன், புள்ளியும் கிடைத்தது. எண்ணெய் என்ற சொல்லுக்குள்ளேயே எள்ளு இருக்கிறது. முப்பது வருடமாக அதை மண்டைக்குள் வைத்திருந்திருக்கிறேன். ஒரு பிள்ளை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது அது வரவில்லை.

இப்படிப்பட்ட அறிவுக்குப் பெயர் இருக்கிறது. ஆங்கிலேயத் தத்துவவாதி ஆல்பிரட் நோர்த் வைற்ஹெட், 1929 இல் வந்த கல்வி பற்றிய தன் புத்தகத்தில், இதை அசைவற்ற கருத்துகள் என்று சொன்னார். தலைக்குள் வாங்கி வைத்திருப்போம். பயன்படுத்தியோ, சோதித்தோ, வேறொன்றோடு புதிதாய்ச் சேர்த்தோ பார்த்திருக்கமாட்டோம். பள்ளிக்கூடங்கள் இதைத்தான் அதிகம் தருகின்றன என்பது அவருடைய கவலை. அன்றைக்கு ரப்லெட் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வெறி மாதிரி இதைப்பற்றிப் படித்தேன். இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. கற்பித்தல் வடிவமைப்பு. யாருக்கு, எதை, எந்த ஒழுங்கில் படிப்பிப்பது, படித்துவிட்டான் என்பதை எப்படி அறிவது என்று திட்டமிடுகிற வேலை. அதன் சரித்திரத்தைப் பார்த்தால், ஒவ்வொரு புதுக்கருவி வரும்போதும் ஒரே கல்யாணக் கொண்டாட்டம். 1913 இல் தோமஸ் எடிசன், பள்ளிக்கூடத்தில் புத்தகத்தின் காலம் சீக்கிரம் முடியப்போகிறது, இனி எல்லாம் சினிமாப் படம்தான் என்றார். பிறகு வானொலி, பிறகு ரிவி, பிறகு கணினி. பெரு நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். 2012 இல் வெளிவந்த ஆய்வு, பிள்ளைகளிடம் கணினி கூடியிருக்கிறது, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை என்று சொன்னது. பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. பாடம் போய்ச் சேரவில்லை.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் ஸ்கின்னர். ஹார்வர்ட் பேராசிரியர். 1953 இல் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போய், இரண்டு பிழைகளைக் கண்டாராம். கெட்டிக்காரப் பிள்ளையும் மெதுவான பிள்ளையும் ஒரே வேகத்தில் போகவேண்டியிருக்கிறது. செய்த கணக்கு சரியா பிழையா என்று அடுத்த நாள்வரை தெரிவதில்லை. அதற்காக ஒரு மரப்பெட்டி இயந்திரம் செய்தார். அதில் ஒரு விசயம் கவனிக்கத்தக்கது. பிள்ளை விடையைத் தானாகவே ஆக்கவேண்டும், நாலில் ஒன்றைத் தெரிவுசெய்வது போதாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். நாலில் ஒன்றைக் கண்டுபிடிப்பது வேறு, ஒன்றுமில்லாத இடத்தில் ஞாபகத்திலிருந்து எடுப்பது வேறு. எழுபது வருடம் கழித்து என் கையில் வந்த ரப்லெட் அவருடைய பெட்டியைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரப் பொருள். ஆனால் என்னிடம் நாலில் ஒன்றைத்தான் கேட்டது. அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியில் நாலு விடை இருக்கவில்லை.

2006 இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் செய்த பரிசோதனையும் இதைத்தான் சொல்கிறது. மாணவர்களுக்கு ஒரு பந்தி கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்குப் புள்ளி கூட. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது எழுதியவர்களுக்குக் கூட. என் நூற்றுக்கு நூறு அந்த ஐந்து நிமிடப் புள்ளி. சமையல் நடந்தது பதினோராவது நாள்.

இதை வாசித்தபோது ஊரில் ஒரு மாஸ்ரர் ஞாபகத்துக்கு வந்தார். 1994 அல்லது 95 இன் தொடக்கம். 1990 இல் இருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். ஓலைக் கொட்டில் ரியூசனில் அவர் எங்களுக்கு மின்காந்தத் தூண்டல் படிப்பித்தார். புத்தகத்தைத் திறக்கவில்லை. தன்னுடைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் பொருத்தி, எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பெடலைக் கையால் சுத்தச் சொன்னார். எங்கள் எல்லாருக்கும் டைனமோ தெரியும். இரவில் செய்தி கேட்கிறதே அதைச் சுத்தித்தான். பிறகு ஒரு பல்பைத் தொடுத்துவிட்டு இப்போது சுத்து என்றார். பெடல் பாரமாக இருந்தது.

"ஏன்ரா பாரமாக் கிடக்கு?"

ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவன் கிறீஸ் காணாது என்றான். சரி, கிறீஸ் போடு என்றார். போட்டான். பல்பைக் கழற்றினால் லேசு, தொடுத்தால் பாரம். அரைமணித்தியாலம் எங்களைப் பிழைவிட விட்டுவிட்டுத்தான் லென்சின் விதியைச் சொன்னார். வெளிச்சம் சும்மா வராது, உன்ர கை குடுக்கவேணும் என்றார். அடுத்த கிழமை வந்தவுடன் புத்தகம் கொப்பி ஒன்றும் திறக்கவிடாமல் முதல் கேள்வி அதுவேதான். 1995 ஐப்பசி கடைசியில் எல்லாரும் இடம்பெயர்ந்தோம். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. கம்பஸில் மூன்று வருடம் பௌதிகம் படித்தேன், அதில் பாதி போய்விட்டது. லென்சின் விதி இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அவர் கையில் இருந்த தொழில்நுட்பம் ஒரு டைனமோ. வடிவமைப்பு அவருடைய தலைக்குள் இருந்தது.

லண்டனுக்கு வந்த புதிதில் எனக்குக் கத்தி பிடிக்கப் பழக்கியவர் ஒரு வங்காளி, சில்ஹெட்காரர். ஆங்கிலம் அவருக்கும் குறைவு, எனக்கும் குறைவு. முதலில் எனக்கு என்ன தெரியும் என்று ஒரு வெங்காயத்தைத் தந்து பார்த்தார். பிறகு தான் மெதுவாக வெட்டிக் காட்டினார். பிறகு என்னை வெட்டச் சொல்லி, விரலை ஏன் மடக்கவேண்டும் என்று என்னையே சொல்லவைத்தார். பிறகு விட்டுவிட்டுப் போய், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பின்னால் வந்து நின்றார். இந்த நாலு படியையும் 1919 இல் சார்ல்ஸ் அலன் என்ற அமெரிக்கர் புத்தகமாக எழுதியிருக்கிறார். முதலாம் உலகப்போரில் கப்பல் கட்டும் வேலைக்கு ஆட்களைப் பழக்கிய அனுபவம். ஆயத்தப்படுத்து, காட்டு, செய்யவிடு, சோதித்துப் பார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் அதையே தழுவி ஆட்களைப் பழக்கின. போருக்குப் பிறகு ஜப்பானுக்கும் போனது. எங்கள் சில்ஹெட்காரர் ஒரு புத்தகமும் வாசித்ததில்லை. நான் இன்னும் பத்து விரலோடு இருக்கிறேன்.

இப்போது அடுத்த கொண்டாட்டம், செயற்கை நுண்ணறிவு. 2022 கார்த்திகையில் சட்ஜிபிரி வந்ததிலிருந்து ஆசிரியரே தேவையில்லை என்கிறார்கள் சிலர். மற்றச் சிலர் படிப்பே அழிந்தது என்கிறார்கள். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்று 2025 இல் அமெரிக்க தேசிய விஞ்ஞான அக்கடமியின் சஞ்சிகையில் வந்தது. கணக்குப் பயிற்சியில் ஒரு பகுதியினருக்கு அந்த இயந்திரத்தை அப்படியே கொடுத்தார்கள். பயிற்சியில் 48 வீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு இயந்திரத்தை எடுத்துவிட்டுச் சோதனை வைத்தால், அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 வீதம் குறைவு. இன்னொரு பகுதியினருக்குக் கொடுத்ததும் அதே இயந்திரம்தான். ஆனால் விடையைச் சொல்லாதே, குறிப்பு மட்டும் கொடு என்று ஆசிரியர்களின் உதவியோடு கட்டுப்படுத்தியிருந்தார்கள். அவர்கள் பயிற்சியில் 127 வீதம் கூடுதலாகச் செய்தார்கள், சோதனையில் அந்தச் சறுக்கல் பெரும்பாலும் இல்லை. ஒரே மூளை, இரண்டு வடிவமைப்பு.

சம்பவம் நடந்த கிழமை என் மகள் தன் போனில் அந்த இயந்திரத்திடம் தமிழிலேயே கேட்டாள், நல்லெண்ணெய் எதிலிருந்து செய்கிறார்கள் என்று. ஒரு விநாடியில் எள்ளு என்று வந்தது, ஒவ்வாமை எச்சரிக்கையோடு. "பாத்தீங்களா அப்பா, கேட்டிருக்கலாமே" என்றாள். உண்மைதான். போன் என் காற்சட்டைப் பைக்குள்தான் இருந்தது. ஆனால் கேட்கவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாதே, பிள்ளை. எந்த இயந்திரமும் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். போத்தலைத் தூக்கும்போது கை ஒரு கணம் நிற்கவேண்டும். அதைப் பழக்குவதுதான் பயிற்சி.

அந்தப் பிள்ளை மூன்று கிழமை கழித்து வேலைக்குத் திரும்பி வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். நீ தெரிந்து செய்யவில்லை என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆனால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம் என்றாள். அதுதான் எனக்குச் சுட்டது. நூற்றுக்கு நூறு எடுத்தவனுக்குத் 'தெரியாது' என்ற சொல் வாயில் வராது. அந்தப் புள்ளி எனக்கு அறிவைத் தரவில்லை, துணிச்சலைத் தந்திருந்தது.

இப்போது எங்கள் கிச்சினில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி வைத்திருக்கிறேன். அதற்குள் எங்கள் அலுமாரியில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு பொருட்கள். சோயா சோஸ், வூஸ்ரர் சோஸ், தஹினி, சூப் கட்டி, கறித்தூள், என்னுடைய நல்லெண்ணெய்ப் போத்தல். புதிதாக யார் வந்தாலும் மேசையில் பரப்பிவிட்டு, 14 இல் எது எதற்குள் இருக்கிறது என்று லேபலைப் பார்க்காமல் பிரித்து வைக்கச் சொல்வேன். எல்லாரும் பிழைவிடுவார்கள். சோயா சோஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கிறது, வூஸ்ரர் சோஸில் மீன் இருக்கிறது, சூப் கட்டியில் செலரி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பிழைவிட்ட பிறகு லேபலை வாசிக்கக் கொடுப்பேன். அப்போது வாசிக்கிற வாசிப்பு வேறு மாதிரி இருக்கும். ஒரு கிழமை கழித்து, சனிக்கிழமை இரவு கிச்சின் பற்றி எரிகிற நேரத்தில், பக்கத்தில் போய் ஒன்றைத் தூக்கிக் காட்டிக் கேட்பேன். பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. ஒரு சதம் செலவில்லை.

மனேஜருக்குப் பிடித்திருக்கிறது. மேலிடத்துக்கும் அனுப்பினார். நல்ல முயற்சி, ஆனால் இதைப் பதிவுசெய்யக் கணினியில் ஒரு கட்டம் இல்லை என்று பதில் வந்தது. ஆகவே ரப்லெட்டும் வரும், நான் பெட்டியும் வைத்திருப்பேன். ரப்லெட்டுக்கு நான் எதிரியல்ல. பாடம் செய்கிறவர்கள் ஒருநாள் கிச்சினுக்கு வந்து நின்று பார்த்துவிட்டுச் செய்தால், அதே ரப்லெட்டில் எங்கள் அலுமாரியின் படத்தைப் போட்டு, எது ஆபத்து, நீயே சொல், ஏன் என்று கேட்கலாம். ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் கேட்கலாம். அதற்குப் புதுக்கருவி வேண்டாம். இருக்கிறதே போதும்.

போன மாதம் நேபாளப் பெடியன் ஒருவன் சேர்ந்தான். பெட்டியைப் பரப்பினேன். எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு அதை நடுவில் வைத்துவிட்டுச் சொன்னான், இது எனக்குத் தெரியாது, பார்க்கவேணும் என்று.

அவனுக்கு நான் நூற்றுக்கு நூறு கொடுத்தேன்.

பி.கு: வீட்டில் சமைத்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறவர்கள் கவனிக்கவும். தாளிக்கிற கடுகும் அந்த 14 இல் ஒன்று. கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். நானும் அந்தப் பெட்டியை வைத்த பிறகுதான் லேபலை வாசித்தேன்.